ஒரு சான்றுக்கு முன் இன்னொரு சான்று

ஜெர்மனியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனி எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அத்தோடு முகவரி முடிந்துவிடும். உள்ளே பத்துக் குடும்பம் இருந்தாலும் முப்பது குடும்பம் இருந்தாலும், தபால்காரர் பார்ப்பது கீழ்த்தளத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் தபால் பெட்டிகளின் மேல் உள்ள பெயர்களைத்தான். பெயர் இருந்தால் கடிதம் உள்ளே விழும். இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். சென்னையில் "மூன்றாம் மாடி, 3சி" என்று எழுதிப் பழகியவருக்கு முதல் வாரத்தில் இது தெரியாது. அவர் உள்வாடகைக்கு ஓர் அறை எடுத்திருப்பார். பெட்டியில் இருப்பது வீட்டை முதலில் வாடகைக்குப் பிடித்தவரின் பெயர். வங்கி அட்டை, அதற்கான ரகசிய எண் தாங்கிய தனிக் கடிதம், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே அவரைத் தேடி அந்தக் கட்டட வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். வரி எண்ணைத் தொலைபேசியில் கேட்டால் சொல்லமாட்டார்கள், மின்னஞ்சலிலும் அனுப்பமாட்டார்கள். அது தபாலில் மட்டுமே வரும்.

ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி செலோடேப்பால் ஒட்டினால் தீர்ந்துவிடும் காரியம் இது. ஆனால் ஒட்டுவதற்கு வீட்டில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தால், இன்னொருவரைக் குடிவைத்திருப்பதை அவர் ஒப்புக்கொண்டதாக ஆகும். உள்வாடகைக்கு வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதி வாங்காதவர் அதற்குத் தயங்குவார். பிழைக்கப் போன ஊரில் அன்றாடம் மனிதர்களைச் சோர்வடையச் செய்வது இந்த மாதிரியான முடிச்சுகள்தான்.

வெளிநாட்டு வாழ்க்கையின் சிரமங்களைப் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக வேறு திசையில் பார்த்துவந்திருக்கின்றன. மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960இல் எழுதிய கட்டுரை 'கலாச்சார அதிர்ச்சி' என்ற கருத்தைப் பரவலாக்கியது. பழகிய அடையாளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்துபோவதால் வரும் பதற்றம் என்று அவர் அதை விளக்கினார். 1988இல் ஸ்டூவர்ட் பிளாக் என்ற மேலாண்மை ஆய்வாளர், வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஊழியர் ஒத்துப்போவதை வேலை, உள்ளூர் மக்களோடு பழகுவது, பொதுவான வாழ்க்கைச் சூழல் என்று மூன்றாகப் பிரித்தார். வீடு, கடைகண்ணி, மருத்துவம் ஆகியவை மூன்றாவதில் வரும். இவை பயனுள்ள ஆய்வுகள்தான். ஆனால் இரண்டுமே, வந்தவர் எந்த அளவுக்கு ஒத்துப்போனார் என்று வந்தவரின் மனத்தை அளக்கின்றன. எதிர்ப்பக்கம் இருக்கும் அலுவலகம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

அந்தக் கேள்விக்கு நல்ல கருவியைத் தருபவர்கள் குடிபெயர்வு ஆய்வாளர்கள் அல்ல. அமெரிக்காவின் அரசு உதவித் திட்டங்களை ஆராய்ந்த பமேலா ஹெர்டும் டானல்ட் மொய்னிஹனும் 2018இல் 'நிர்வாகச் சுமை' பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். எந்தப் படிவம், எங்கே, எப்போது என்று தெரிந்துகொள்ளும் சுமை. நிரப்பி, அலைந்து, காத்திருக்கும் சுமை. இவற்றால் மனத்தில் ஏறும் சுமை என்று மூன்றை அவர்கள் காட்டினார்கள். இந்தச் சுமைகள் தற்செயலாக வந்தவை அல்ல, கொள்கை முடிவுகளால் கூடுபவை, குறைபவை என்பது அவர்கள் வாதம். அதை வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஒவ்வோர் அலுவலகமும், வந்து நிற்பவரை இன்னோர் அலுவலகம் ஏற்கெனவே சரிபார்த்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளூரில் பிறந்தவருக்கு அப்படிச் சரிபார்த்த முதல் அலுவலகம் பிறப்புப் பதிவேடு. வெளியிலிருந்து வந்தவருக்கு அந்த முதல் அலுவலகம் என்று ஒன்று இல்லை.

ஜெர்மனியில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2015 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சிப் பதிவுச் சட்டப்படி, ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிந்தாக வேண்டும். இந்தப் பதிவை ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்கள் எல்லாரும் 'ஆன்மெல்டுங்' என்றே சொல்வார்கள். தவறினால் ஆயிரம் யூரோ வரை அபராதம் உண்டு. பதிவதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சான்று வேண்டும். இந்தச் சான்று 2002இல் கைவிடப்பட்டு, 2015 சட்டத்தில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. போலி முகவரிகளைத் தடுப்பது அதன் நோக்கம். குடியிருக்காத ஒருவருக்குப் பதிவு முகவரி தருபவருக்கு ஐம்பதாயிரம் யூரோ வரை அபராதம் விதிக்கலாம். நோக்கத்தில் தவறில்லை. ஆனால் அதன் சுமை போய்ச் சேர்ந்தது, நேரடி ஒப்பந்தம் எடுக்க வழியில்லாமல் உள்வாடகை அறையில் தொடங்குகிறவர்கள் மேல். வேலைக்கு வந்தவருக்குச் சம்பளத்தில் சரியாக வரி பிடிக்க வரி எண் வேண்டும். அந்த எண் முகவரிப் பதிவுக்குப் பிறகுதான் உருவாகும். மூன்று மாதத்துக்கு மேல் எண் கொடுக்கமுடியாமல் போனால், அதிகபட்சப் பிடித்தம் உள்ள ஆறாம் வரி வகுப்பில் போட்டுவிடுவார்கள். கணக்குத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்ப வாங்கலாம், உண்மை. ஆனால் அது பிறகு நடக்கிற காரியம். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணம் தேவைப்படுவது இப்போது.

அட்வான்ஸ் தொகைக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: மூன்று மாத அடிப்படை வாடகை. அதைவிடக் கடினமானது வாடகைக்கு விண்ணப்பிக்கும் கோப்பு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, 'ஷூஃபா' என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை, பழைய வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம். ஷூஃபா 1927இல் பெர்லினில் தொடங்கிய தனியார் அமைப்பு. ஊருக்குப் புதிதாக வந்தவரைப் பற்றி அதனிடம் கெட்ட தகவல் எதுவும் இருக்காது. எந்தத் தகவலுமே இருக்காது என்பதுதான் தொல்லை. நாற்பது விண்ணப்பங்களைப் புரட்டும் வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இந்தியாவில் பத்தாண்டு ஒழுங்காகக் கடன் கட்டிய வரலாறு விமானம் ஏறியதும் அழிந்துபோகிறது. அமெரிக்கா போனவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

மாணவர்களின் நிலை இன்னும் நெருக்கடி. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே அதிகம். விசாவுக்காக அவர்கள் ஓராண்டுச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. பல வீடுகளில் அது கல்விக்கடனாகவோ, அம்மாவின் நகையாகவோ, விற்ற காணியாகவோ இருந்த பணம். மாதம் 992 யூரோ வீதம் அது விடுவிக்கப்படும். ஆனால் பொதுவாக ஜெர்மனியில் ஒரு நடப்புக் கணக்கு திறந்து காட்டிய பிறகே முதல் தவணை வரும். நடப்புக் கணக்குக்கு முகவரிப் பதிவைக் கேட்கும் வங்கிகள் உண்டு. பதிவுக்கு வீடு, வீட்டுக்கு அட்வான்ஸ். அட்வான்ஸுக்கான பணம் முடங்கிய கணக்கில். தன் பணத்தைத் தானே எட்டமுடியாமல் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் முதல் மாதத்தில் சீனியர் மாணவர்களிடம் கைமாற்று வாங்கிச் சமாளிப்பதற்குக் காரணம் அவர்களின் பொறுப்பின்மை அல்ல. சான்றுகளின் வரிசை அப்படி.

இந்த வட்டத்தை வெட்ட முடியாதா? ஓரிடத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் கொண்டுவந்த கட்டணக் கணக்கு நெறிமுறைப்படி, ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும் புகலிடம் கோரியவருக்கும்கூட, அடிப்படை வங்கிக் கணக்கு பெறும் உரிமை உண்டு. ஜெர்மனியில் இது 2016 ஜூன் 19 முதல் சட்டம். மாதக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் வங்கி மறுத்தால் மேற்பார்வை ஆணையத்திடம் முறையிடலாம். நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. ஹெர்டும் மொய்னிஹனும் சொல்லும் முதல் சுமை இதுதான்: தெரிந்துகொள்ளும் சுமை.

அரசு அலுவலகங்களால் தகவலைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. முகவரியைப் பதிந்த உடனே அந்தத் தகவல், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வசூலிக்கும் ஒலிபரப்புக் கட்டண அமைப்புக்குத் தானாகவே போய்விடுகிறது. தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2013 முதல் அது வீட்டுக்கு வீடு கட்டணம். வசூலுக்காக இயங்கும் அதே இணைப்பு, குடியேறியவரின் விசா அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்தால் எத்தனை அலைச்சல் குறையும். அரசுச் சேவைகளை 2022க்குள் இணையத்துக்குக் கொண்டுவருவதாக 2017இல் ஜெர்மனி ஒரு சட்டமே இயற்றியது. கெடு முடிந்தது, இலக்கு முடியவில்லை. பெர்லின் போன்ற நகரங்களில் 'டெர்மின்' எனப்படும் சந்திப்பு நேரம் கிடைப்பதற்காக அதிகாலையில் இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது இன்னும் வாழ்க்கையின் ஒரு பகுதிதான்.

தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செல்வி என்ற பெண், அவருடைய அப்பா கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் க. செல்வி. பள்ளிச் சான்றிதழ் முதல் பட்டம் வரை அப்படித்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை. விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் கந்தசாமி என்று எழுதினால், ஜெர்மனியில் அவர் 'திருமதி கந்தசாமி'. மருத்துவமனையில் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள்; அது தனக்கான அழைப்பு என்று புரிய அவருக்குச் சில மாதம் ஆகும். கணவரின் பாஸ்போர்ட்டில் கணவருடைய அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். குழந்தைக்குத் தகப்பனின் பெயர். ஒரே வீட்டில் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். வாடகை ஒப்பந்தத்தில், பள்ளிச் சேர்க்கையில், விமான நிலையத்தில் குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யும்போது, இவர்கள் ஒரே குடும்பம் என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும். கையில் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் மொழிபெயர்ப்போடு எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. அமெரிக்க விசாவில் அவர்களின் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகி, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இயற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யு' என்ற மூன்று எழுத்து ஏறும். பிறகு அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டில் வருகை விசாக்காரர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகச் சில நாட்களில் விளக்கம் வந்தது. அந்த இடைவெளியில் டிக்கெட் எடுத்துவைத்திருந்த பெற்றோர்களின் பதற்றத்தை எண்ணிப்பார்க்கலாம்.

நிலையான குடும்பப் பெயர் என்பதே அரசுகள் மக்களை எண்ணவும் வரி வாங்கவும் உருவாக்கிய ஏற்பாடு என்று அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். துருக்கியில் 1934இல்தான் சட்டம் போட்டு எல்லாருக்கும் குடும்பப் பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதற்குப் பின்னால் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்குவதென்று முடிவெடுத்தார்கள். இந்தியாவின் பிற பகுதிகளில் பலருக்கு அந்தக் கட்டத்தை நிரப்புவது சாதிப் பெயர். தமிழர்கள் பொதுவாழ்வில் அதை விட்டொழித்தது ஒரு தலைமுறையின் போராட்டம். அயல்நாட்டுப் படிவம் ஒன்று அதைக் குறைபாடாகப் பார்ப்பதும், நம் பிள்ளைகள் சங்கடத்தோடு விளக்கம் சொல்வதும் என்னால் ஏற்க முடியாதவை. கேட்டால் நிமிர்ந்தே சொல்லலாம்.

1983க்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போன ஈழத் தமிழர்கள் இதை முன்பே சந்தித்துவிட்டார்கள். அங்கே தாத்தாவின் பெயர் பேரப்பிள்ளைகளின் குடும்பப் பெயராக நிலைத்துவிட்ட வீடுகள் ஏராளம். ஜெர்மன் சட்டம் இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. 2025 மே 1 முதல், ஒருவரின் பெயருக்கு அவர் குடியுரிமை பெற்ற நாட்டின் சட்டம் அல்ல, வழக்கமாக வாழும் நாட்டின் சட்டமே பொருந்தும். விரும்பினால் தன் நாட்டுச் சட்டத்தையும் தேர்ந்தெடுக்கலாம். குழந்தை பிறந்த வாரத்தில், தூக்கமில்லாத பெற்றோர் இதைப் படித்து முடிவெடுப்பது கடினம். பிரசவத்துக்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுவைப்பது நல்லது.

ஜெர்மனியில் தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும் காலமும் இதுபோல்தான். பழைய அட்டை முடிந்து புதியது வருவதற்குள் வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியில் தங்கும் உரிமை தொடர்வதாக ஜெர்மனியின் வசிப்பிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு அத்தாட்சியாக மடித்த காகிதம் ஒன்று தருவார்கள். அதன் உள்ளே சிறு கட்டங்கள் இருக்கும். நான்காம் உட்பிரிவு எனக் குறியிட்டிருந்தால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். மூன்றாம் உட்பிரிவு என்றால், வெளியே போனவர் அந்தக் காகிதத்தை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. நான்கில் குறியிருந்தாலும், விமான நிறுவனத்தின் கவுண்டரில் நிற்பவருக்கு அந்தக் காகிதம் பழக்கமில்லை என்றால் வாக்குவாதம்தான். ஊரில் அப்பா ஐசியுவில் இருக்கும்போது மகன் பெட்டி கட்டுவதற்கு முன் இந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறான்.

வளைகுடா நாடுகளில் இத்தகைய வட்டம் அவ்வளவாகக் கிடையாது. விசா, தங்கும் அனுமதி அட்டை, காப்பீடு, சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் வேலை தருபவரே தொடங்கிவைப்பார். வந்த சில நாட்களிலேயே தாள்கள் கையில் இருக்கும். இதை நிம்மதி என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாச் சான்றும் ஒரே கையெழுத்தில் தொங்கும்போது, அந்தக் கையெழுத்து விலகினால் வீடும் வங்கியும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரே நாளில் ஆட்டம் காணும். குடும்பத்தை அழைக்கவே குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும். அமீரகத்தில் 2019 முதல் அது 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். முகாமில் இருக்கும் தொழிலாளிகள் பலருக்கு அது எட்டாத தொகை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஜெர்மனியின் அலைச்சலையே தேர்ந்தெடுப்பேன். அலைச்சல் முடிந்தபின் கிடைக்கும் உரிமை யாருடைய தயவிலும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் போன நாட்டின் குறைகள். விட்டுவந்த நாட்டின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டில் வாழத் தொடங்கியவர் தன் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மாற்றுவதற்கான கேஒய்சிக்கு வெளிநாட்டு முகவரிச் சான்று கேட்பார்கள். மறுபடியும் அதே வட்டம். அதைவிட, ஓடிபி. வங்கி, வரி, பிஎஃப், பத்திரப் பதிவு எல்லாமே ஓர் இந்திய சிம்மில் போய் நிற்கின்றன. ப்ரீபெய்ட் எண்ணைத் தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் விட்டால் அது வேறொருவருக்குப் போகலாம். இருபது ரூபாய் இருப்பு வைத்தால் எண் நிலைக்கும் என்பது தொலைத்தொடர்பு ஆணையத்தின் 2013 விதி. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. பல வீடுகளில் அந்த சிம் அம்மாவின் பழைய போனில் கிடக்கிறது. பெர்லினில் மகள் பணம் அனுப்பும்போது, தஞ்சாவூரில் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அதற்குள் நேரம் முடிந்துபோகும். மறுபடி அனுப்பு.

ஊரிலுள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை, வெளிநாட்டு எண்ணிலிருந்தே யுபிஐ மூலம் கட்ட முடிந்தால் இந்தப் பாடு இல்லை. 2023 ஜனவரியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அப்படி அனுமதித்தபோது முதல் பட்டியலில் இருந்தவை பத்து நாடுகள்: சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவூதி அரேபியா, அமீரகம், பிரிட்டன். ஜெர்மனி அதில் இல்லை. மறுபக்கம், 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு, இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000த்திலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக அறிவித்தது. ஆட்களை அனுப்புவதிலும் அழைப்பதிலும் இருக்கும் வேகம், அவர்களின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் ஏற்றுக்கொள்வதில் இல்லை.

இந்த வேலைகளையெல்லாம் யார் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனம் உயர்பதவிக்கு அழைத்துவருபவருக்கு, வீடு பார்த்து, டெர்மின் வாங்கி, கூடவே வந்து மொழிபெயர்க்கும் முகவரை நிறுவனமே ஏற்பாடு செய்துவிடும். அவருடைய பதிவு நாள் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அதே கட்டடத்தில், அதே கவுண்டரில், சொந்தக் காசில் வந்த மாணவனும் கிடங்குத் தொழிலாளியும் அரை நாள் விடுப்பெடுத்து, ஒரு தாள் குறைந்ததால் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி டெர்மின் தேடுகிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் இது துணைவிசாவில் வந்த மனைவியின் தலையில் விழுகிறது. ஊரில் ஆசிரியராகவோ பொறியாளராகவோ இருந்தவர், மொழி வகுப்புக்கும் தன் சான்றிதழ்களை அங்கீகரிக்க விண்ணப்பிப்பதற்கும் ஒதுக்கவேண்டிய முதல் ஆண்டை, கணவரின் காப்பீட்டுக் கடிதங்களுக்கும் பிள்ளையின் மழலையர் பள்ளி வரிசைக்கும் இணைய இணைப்பு வாங்குவதற்கும் கொடுத்துவிடுகிறார். வேலைக்குப் போகும் அனுமதி சட்டப்படி அவருக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. அதைப் பயன்படுத்தத் தேவையான நேரத்தை இந்தத் தாள்கள் எடுத்துக்கொள்கின்றன. குடியேறிய பெண்கள் ஏன் வேலைச் சந்தைக்கு வரவில்லை என்று ஆராய்பவர்கள் மொழியையும் பண்பாட்டையும் கேட்பதற்கு முன், அந்த வீட்டில் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது யார் என்று கேட்க வேண்டும்.